பாய்மரப் படகின் எஞ்சினில் விரிசல் கண்ட வால்வு: உப்புத் தடம் சொல்லும் செய்தி

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மும்பையில் கரையேற்றப்படும் பாய்மரப் படகுகள், மழை ஓய்ந்தபின் அக்டோபர் வாக்கில் மீண்டும் நீரில் இறக்கப்படுகின்றன. நான்கு மாதங்கள் அசையாமல் கிடந்த டீசல் எஞ்சின் அப்போதுதான் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்படுகிறது. எஞ்சின் அறையில், வளைந்து செல்லும் ரப்பர் குழாயின் உச்சியில் பொருத்தப்பட்டுள்ள சிறிய பிளாஸ்டிக் வால்வின் கழுத்தில் வெண்ணிறக் கோடு ஒன்று தென்பட்டால், அதைத் துடைத்துவிட்டுப் புறப்படுவது தவறு. அது தூசு அல்ல. கடல்நீர் கசிந்து உலர்ந்த தடம். உள்ளங்கையில் அடங்கும் அந்த வால்வைக் கவனியாது விட்டால் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள எஞ்சின் பாழாகக்கூடும். அதே நீர்வழியின் தொடக்கத்தில் இருக்கும் மற்றொரு வால்வு உடைந்தாலோ படகே மூழ்கக்கூடும்.

காற்றின் வலிமையில் ஓடும் படகுக்கு எஞ்சின் எதற்கு என்ற கேள்வி இயல்பானதே. நெரிசலான துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று அடங்கிய கடற்பரப்பைக் கடக்கவும், வானொலிக் கருவிகளுக்கும் வழிகாட்டும் கருவிகளுக்கும் தேவையான மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்யவும் அது தேவைப்படுகிறது. கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளைக் கொண்டு பழைய முறைப்படி கட்டப்பட்டு, 2025 மே 21 அன்று கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யாவில் எஞ்சினே கிடையாது. அதன் மாலுமிகளுக்கு இந்தக் கவலையும் இல்லை. ஏனைய நவீன பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு.

நெடும்பயணத்தில் பழுதுபார்ப்பவர் வெளியிலிருந்து வரமாட்டார். கோவாவின் திவார் தீவில் கட்டப்பட்ட 56 அடி நீளப் படகான ஐ.என்.எஸ்.வி. தாரிணியில், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை உலகைச் சுற்றிவந்தனர். இடையில் நான்கு துறைமுகங்களில் மட்டுமே படகு நின்றது. அவற்றுக்கு இடைப்பட்ட நீண்ட வாரங்களில் படகில் எது பழுதானாலும் சரிசெய்ய இருவரைத் தவிர வேறு கை இல்லை. அதே தாரிணி, ஆறு பெண் அதிகாரிகளுடன் சென்ற முந்தைய உலகப் பயணத்தின் இறுதிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில், சுக்கான் இயக்கும் பொறியமைப்பில் ஏற்பட்ட கோளாறால் திட்டத்தில் இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குச் செல்ல நேர்ந்தது. கடலில் ஒரு பாகத்தின் பழுது என்பது பயணத்தின் திசையையே மாற்றவல்லது.

நீர் செல்லும் வழி

விரிசல் எங்கே உள்ளது என்பதைக் கண்டறிய, முதலில் நீர் செல்லும் வழியை அறிந்திருக்க வேண்டும். படகின் உள்ளே பொருத்தப்படும் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு நீர்ச்சுற்றுகள் உண்டு. ஒன்று, மோட்டார் காரில் இருப்பதைப் போல எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் கூலண்ட் திரவம். மற்றொன்று, வெளியிலிருந்து வந்து வெளியிலேயே சென்று சேரும் கடல்நீர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெப்பப் பரிமாற்றி என்னும் பாகத்தில், மெல்லிய குழாய்களின் சுவர் வழியே கூலண்டின் வெப்பத்தைக் கடல்நீர் வாங்கிக்கொள்கிறது.

படகின் அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையின் மீது கைப்பிடியுடன் கூடிய உலோக வால்வு ஒன்று இருக்கும். கடல்நீர் அதன் வழியே உள்ளே வந்து, பாசியையும் குப்பையையும் தடுக்கும் வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இதழ்கள் கொண்ட சுழலியால் இயங்கும் பம்புக்குச் செல்கிறது. பம்ப் அதை வெப்பப் பரிமாற்றிக்குள் தள்ளுகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட நீர், கடைசியாக எஞ்சினின் புகைக்குழாய் முழங்கையில் செலுத்தப்பட்டு, கொதிக்கும் புகையைக் குளிரச்செய்து, அதனோடு சேர்ந்து படகின் பின்புறத் துளை வழியே கடலில் விழுகிறது. பாய்மரப் படகு எஞ்சினில் ஓடும்போது பின்புறத்தில் ‘களக், களக்’ என்று விட்டுவிட்டு நீர் கொட்டும் ஓசை கேட்பது இதனால்தான்.

பாய்மரப் படகில் எஞ்சின் தாழ்வாக, பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழேயே அமைந்திருக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் நின்றபின்னும் குழாயில் நிறைந்திருக்கும் நீர், வெளியே உள்ள கடலோடு தொடர்பு அறாமல் இருந்தால், பீப்பாயில் இருந்து ரப்பர் குழாயால் எண்ணெய் இறக்குவதைப் போலத் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அது புகைக்குழாயை நிரப்பி, அங்கிருந்து திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் எஞ்சினை இயக்க முயல்பவர், நீர் நிறைந்த சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறார். நீர் காற்றைப் போல் அமுங்காது. இணைப்புத் தண்டு வளைகிறது.

இதைத் தவிர்க்கவே, வெப்பப் பரிமாற்றிக்கும் புகைக்குழாய்க்கும் இடையே ரப்பர் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வளைவாகத் தூக்கி, அதன் உச்சியில் சைபன் தடுப்பு வால்வு பொருத்தப்படுகிறது. எஞ்சின் ஓடும்போது நீரின் அழுத்தம் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் நாவை மூடிவைக்கும். எஞ்சின் நின்றதும் நா திறந்து, குழாய்க்குள் காற்றை விடும். காற்று புகுந்தால் நீரோட்டம் அறுபடும்.

வெப்பமானி தரும் பொய்ச் சான்று

குளிர்விப்பு அமைப்பில் கோளாறு என்றால் வெப்பமானியின் முள் ஏறும் என்றே பலரும் எதிர்பார்க்கின்றனர். இந்த வால்வின் விரிசலில் அந்த எதிர்பார்ப்பு பலிக்காது. வால்வு வெப்பப் பரிமாற்றிக்குப் பின்னால் இருப்பதால், அது முழுவதுமாகப் பிளந்து நீர் எஞ்சின் அறைக்குள் பீறிட்டாலும், அதற்குள் நீர் தன் வேலையை முடித்திருக்கும். கூலண்ட் குளிர்ந்தே இருக்கும். முள் வழக்கமான இடத்திலேயே நிற்கும். ஆனால் புகைக்குழாய்க்கு நீர் போய்ச் சேராது. நீரின்றிச் செல்லும் புகையின் வெப்பம் ரப்பர் குழாயையும் பிளாஸ்டிக்கால் ஆன ஓசைத் தடுப்பானையும் உருக்கிவிடும். மறுபுறம், பம்ப் கடல்நீரைத் தொடர்ந்து படகின் உள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும்.

எனவே எஞ்சினை இயக்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை அல்ல, படகின் பின்புறத்தை. நீர் கொட்டும் அளவு குறைந்திருந்தாலோ, ஓசை வறண்டு உரத்திருந்தாலோ, வெண்ணிற ஆவி மிகுந்திருந்தாலோ கடல்நீர்ச் சுற்றில் எங்கோ குறை இருக்கிறது. பத்து லிட்டர் வாளி ஒன்றைப் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே குறித்து வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை. குறித்து வைக்காதவர் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

நீர் குறைந்திருப்பது மட்டுமே வால்வில் விரிசல் என்பதற்குச் சான்றாகாது. வடிகட்டியில் அடைப்பு, சுழலியின் இதழ் உதிர்தல், புகைக்குழாய் முழங்கையில் கரியும் உப்பும் சேர்ந்து இறுகுதல் ஆகியவையும் அதே அறிகுறியைத் தரும். எளிதில் கழற்றிப் பார்க்கக்கூடியவை என்பதால் வடிகட்டியையும் சுழலியையும் முதலில் பார்ப்பதே வழக்கம். அது சரியான வழக்கமும்கூட. தெர்மோஸ்டாட்டை மட்டும் காரணமின்றி மாற்றுவோர் உண்டு. கூலண்ட் வெப்பம் சீராக இருக்கையில் அதனால் பயனில்லை.

நின்றால் கசிவா, ஓடினால் கசிவா?

கசிவு எந்த நேரத்தில் தோன்றுகிறது என்பதே விரிசலின் இடத்தைப் பெருமளவு காட்டிக்கொடுக்கிறது. பம்புக்கு முன்னால் உள்ள பகுதியில் எஞ்சின் ஓடும்போது உறிஞ்சு விசை நிலவும். அங்கு விரிசல் இருந்தால் நீர் வெளியே வராது. காற்று உள்ளே இழுக்கப்படும். வடிகட்டியின் மூடி ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்தால் காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் காணலாம். பம்புக்குப் போதிய நீர் கிட்டாமல், உராய்வுச் சூட்டில் சுழலியின் ரப்பர் இதழ்கள் கருகும். சுழலியை மாற்றியும் சில மணி நேரத்தில் மீண்டும் கெட்டால், பம்பைக் குறைசொல்லுமுன் அதற்கு முன்னால் உள்ள இணைப்புகளைப் பார்ப்பது நல்லது. எஞ்சின் நின்றதும் நிலைமை தலைகீழாகும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள விரிசல் அப்போதுதான் சொட்டத் தொடங்கும்.

பம்புக்குப் பின்னால் உள்ள பகுதியில் இதற்கு நேர்மாறு. ஓடும்போது நீர் தள்ளப்படுவதால் விரிசல் வழியே கசியும். நின்றதும் கசிவும் நின்றுவிடும். சைபன் தடுப்பு வால்வு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. படகு நின்றிருக்கும்போது சோதித்துவிட்டு ‘எங்கும் ஈரமில்லை’ என்று முடிவுசெய்தால் அது கண்ணில் படாது.

கசிந்தது எந்த நீர் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கூலண்டில் கலக்கப்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சாகும் என்பதால் அதைக் கைவிடுவதே நலம். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் உலரவிட்டால் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது; ஒரு சொட்டு உலர்ந்தாலே வெண்ணிறப் படிகம் தெரியும். கூலண்ட் உலர்ந்தால் நிறத்துடன் பிசுபிசுப்பு எஞ்சும்.

அடுத்து, வால்வையும் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் நன்னீரால் கழுவி, முற்றாக உலர்த்த வேண்டும். பழைய உப்புத் தடம் இருக்கும்வரை புதிய கசிவின் பிறப்பிடம் தெரியாது. உலர்ந்தபின் வால்வின் கழுத்து, மூடி, குழாய் சேரும் இடம் ஆகியவற்றில் மெல்லிய காகிதத்தைத் தனித்தனித் துண்டுகளாகச் சுற்றி எஞ்சினை இயக்கினால், முதலில் நனையும் துண்டு இடத்தைக் காட்டும். சுழலும் பட்டைக்கு அருகில் காகிதமோ துணியோ தொங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். ஐந்து நிமிடத்தில் எதுவும் நனையவில்லை என்றால் சோதனையை முடித்துவிடக் கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் மயிரிழை விரிசல் குளிர்ந்த நிலையில் மூடிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடேறி, நீரின் வெப்பமும் அதிர்வும் கூடியபின்தான் வாய் திறக்கும். அரைமணி நேரமாவது, முடிந்தால் படகைக் கட்டிவைத்த நிலையில் கியரைப் போட்டு, எஞ்சினுக்குச் சுமை கொடுத்து இயக்கிப் பார்க்க வேண்டும்.

மூடியின் நுனியில் மட்டும் சொட்டுகிறது, உடலில் விரிசல் இல்லை என்றால், ரப்பர் நாவில் உப்பு படிந்து அது சரியாக மூடாமல் இருக்கலாம். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வால்வைக் கழற்றிக் கீழ்ப்புறத்திலிருந்து ஊதினால் அது அடைபட வேண்டும். உறிஞ்சினால் காற்றை விட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் நா மாற்றப்பட வேண்டியதே. உடலில் விரிசல் இருப்பதாக ஐயம் எழுந்தால் சோப்பு நீரைத் தடவி, ஒரு முனையை அடைத்து, மறு முனையில் ஊதினால் குமிழி எழும். உலோக வால்வுகளுக்கு, வெல்டிங் பட்டறைகளில் பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் சிவப்புச் சாயமும் வெண்ணிறப் பூச்சும் உதவும். விரிசல் இருக்கும் இடத்தில் வெண்மையின் மீது சிவப்புக் கோடு எழும்.

விரிசல் ஏன் விழுகிறது?

குளிர்நாடுகளில் எழுதப்படும் கையேடுகள் உறைபனியையே முதல் எதிரியாகக் குறிப்பிடுகின்றன. இந்தியக் கடற்கரையில் அதற்கு இடமில்லை. இங்கே வெப்பமும் உப்பும் மனிதக் கையின் மிகைபலமும் அந்த வேலையைச் செய்கின்றன. பருவமழைக்கு முந்தைய கோடையில் அரபிக்கடலின் மேற்பரப்பு நீரே 30 டிகிரி செல்சியஸை எட்டும். மூடிய எஞ்சின் அறையின் வெப்பம் அதனினும் மிக அதிகம். ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் வேகும் பிளாஸ்டிக் நெகிழ்வை இழக்கிறது. கசிகிறதே என்று கிளிப்பை மேலும் ஒரு சுற்று முறுக்குபவர், கசிவை நிறுத்துவதாக எண்ணி விரிசலைத் தொடங்கிவைக்கிறார். நுனி சிறுத்த திருகுமரையைப் பிளாஸ்டிக் துளைக்குள் இறுக்குவதும் அவ்வாறே. ஒவ்வொரு சுற்றும் ஆப்பு அடிப்பதற்குச் சமம். குழாயைத் தாங்கும் பிடிப்பு கழன்று, நீர் நிறைந்த குழாயின் எடை முழுவதும் வால்வின் கழுத்தில் தொங்கும் படகுகளும் உண்டு.

அடிப்பகுதியில் உள்ள உலோக வால்வின் கதை வேறு. சாதாரணப் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடல்நீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, நுண்துளைகள் நிறைந்த செம்பு எஞ்சுகிறது. உருவம் மாறாது, வலிமை போய்விடும். கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் பளபளப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், அந்த வால்வின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். வெண்கலத்தாலோ, துத்தநாகம் அரிக்காத தனிவகைப் பித்தளையாலோ ஆன வால்வுகள் பல மடங்கு காலம் உழைக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே நிறமாக இருப்பதால், கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கப்படும் மலிவான பித்தளை வால்வைப் படகில் பொருத்திவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

அந்த வால்வு முறிந்தால் என்னவாகும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியே, உராய்வைக் கழித்தபின்னும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 லிட்டர் நீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் அது மூன்று டன்னைத் தாண்டும். ஆகவே நீரில் மிதக்கும்போது இந்த வால்வைச் சுத்தியால் தட்டியோ பலமாக முறுக்கியோ சோதிக்கக் கூடாது. அச்சோதனைக்கு உரிய இடம் கரை. வேர்ல்டு செய்லிங் அமைப்பின் கடற்பயணப் பாதுகாப்பு விதிகள், அடிப்பகுதியில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் அருகே, அதை அடைக்கக்கூடிய கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்று இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. ஒரு கயிற்றில் கட்டி வால்விலேயே தொங்கவிட்டால் இருட்டிலும் கைக்கு அகப்படும்.

பசை பூசினால் என்ன?

சைபன் தடுப்பு வால்வில் விரிசல் உறுதியானதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, வீட்டுக் குழாய்க்குப் பூசும் எபாக்சிப் பசையால் அதை மூடிவிடலாம் என்பது. கசிவை விட ஆபத்தானது இதுவே. விரிசல் விழுந்த வால்வு நீரைச் சிந்தினாலும், எஞ்சின் நின்றதும் அந்த விரிசல் வழியே காற்று புகுவதால் சைபன் அறுபடுகிறது. பசையால் முற்றாக மூடப்பட்ட வால்வு ஒரு சொட்டும் சிந்தாது, காற்றையும் விடாது. உரிமையாளர் நிம்மதியாகத் தூங்கும் இரவில் கடல்நீர் மெல்ல சிலிண்டரை நோக்கி நகரும். வால்வு உப்பால் அடைபட்டு மூடிய நிலையிலேயே இறுகிப்போனாலும் விளைவு அதுவே. கசியாத வால்வு நல்ல வால்வு என்று பொருளில்லை.

நடுக்கடலில் மாற்று வால்வு இல்லாத நிலையில், சைக்கிள் ட்யூப் ரப்பரை இறுகச் சுற்றிக் கிளிப் போட்டுத் தற்காலிகமாக ஓட்டலாம். ஆனால் அந்நிலையில் எஞ்சினை நிறுத்திய ஒவ்வொரு முறையும் அடிப்பகுதி வால்வைக் கைப்பிடியால் மூடியாக வேண்டும். மீண்டும் இயக்குமுன் திறந்தாக வேண்டும். மறவாமல் இருக்க, மூடிய வால்வின் கைப்பிடியில் எஞ்சின் சாவியை மாட்டிவைப்பது பழைய உத்தி. துறைமுகத்தை அடைந்ததும் வால்வு முழுமையாக மாற்றப்பட வேண்டும். அதன் விலை எஞ்சினின் விலையில் மிகச் சிறு பகுதியே.

பழுதைத் தேடும்போது நிகழும் மற்றொரு சேதமும் கவனத்துக்குரியது. எஞ்சின் இயங்க மறுக்கையில் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுழற்றினால், பம்ப் ஒவ்வொரு முறையும் புகைக்குழாய்க்குள் நீரைத் தள்ளும். அதை வெளியே தள்ள வேண்டிய புகையோ அழுத்தம் போதாமல் இருக்கும். சில முயற்சிகளுக்குப்பின் நீர் நிறைந்து சிலிண்டரை எட்டிவிடும். சில நொடிகள் சுழற்றியும் இயங்காவிட்டால் அடிப்பகுதி வால்வை மூடிவிட்டு மேலும் முயலலாம். இயங்கத் தொடங்கிய கணமே திறந்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர் ஒரே இடத்தில் ‘டக்’ என்று நின்றால், நீர் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருக்கக்கூடும். அப்போது மேலும் அழுத்தாமல், எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது. எண்ணெய் தெளிவாக இருந்தாலும் ஐயம் தீராது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே அடுத்த முயற்சி.

நீர்மட்டத்துக்குக் கீழே எஞ்சினும் அடிப்பகுதி வால்வும் கொண்ட எந்தப் படகுக்கும் இவை பொருந்தும். கடல்நீரை இறைத்துக் குளிர்விக்கும் எஞ்சின் பொருத்திய மீன்பிடி விசைப்படகுகளிலும் வடிகட்டி, பம்ப், அடிப்பகுதி வால்வு ஆகியவை இதே வரிசையில்தான் அமைகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களில் பல படகுகள் கரையேற்றப்பட்டு, பலகையும் வண்ணமும் பார்க்கப்படுகின்றன. அடிப்பகுதி வால்வைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்க்க அதைவிட வசதியான நேரம் ஆண்டில் வேறில்லை.